பார்க்க வந்த மாப்ளே

(ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். கட்டிலில் சண்முகம். வயிற்றில் தையல், இடது கையில் டிரிப்ஸ், கட்டிலோரம் யூரின் பேக், வயிற்றின் மேல் ஒரு தலையணை. கதவைத் தள்ளிக்கொண்டு மைத்துனர் குமரேசன் வருகிறார். கையில் பூங்கொத்து.)

குமரேசன்: மாமா! எப்படி இருக்கீங்க மாமா! (கையைப் பிடிக்கப் பாய்கிறார்)

சண்முகம்: அங்கேயே நில்லு. கை சுத்தம் பண்ணினியா?

குமரேசன்: குளிச்சுட்டுத்தானே மாமா கிளம்பினேன்.

சண்முகம்: குளிச்ச கையால வண்டிச் சாவி, லிஃப்ட் பட்டன், கதவுக் கைப்பிடின்னு எல்லாத்தையும் தொட்டுட்டு வந்திருக்கே. கதவுக்குப் பக்கத்துல ஒரு பாட்டில் மாட்டியிருக்கு பாரு. அமுக்கு.

குமரேசன்: (அமுக்கி, ரெண்டு தேய் தேய்த்து, சட்டையில் துடைக்கிறார்) ஆச்சு.

சண்முகம்: இப்ப உன் சட்டை சுத்தமாயிருச்சு. கைக்குத் திரும்ப அமுக்கு. உள்ளங்கை நிறைய எடு. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரலைச் சுத்தி, கடைசியா நகநுனி. 20லேருந்து 30 செகண்ட் தேய்ச்சுத் தானாக் காய விடு. ஈரம் இருக்குற வரைக்கும்தான் அது வேலை செய்யும், துடைச்சா வீண்.

குமரேசன்: ஒண்ணுரெண்டுமூணுநாலுஅஞ்சுஆறு...

சண்முகம்: செகண்டை எண்ணச் சொன்னா ரயிலைப் பிடிக்க ஓடுறியே! கட்டைவிரல விட்டுட்டே. எல்லாரும் விடுறது அதையும் நகநுனியையும்தான். கையில அழுக்கு கண்ணுக்குத் தெரிஞ்சா இது பத்தாது, சோப்பும் தண்ணியும் போட்டு 40லேருந்து 60 செகண்ட் கழுவணும். வயித்துப்போக்கு நோயாளியைத் தொட்டாலும் அப்படித்தான். அந்தக் கிருமியில சிலது இந்த ஸ்பிரிட்டுக்கெல்லாம் அசையாது.

குமரேசன்: வயித்துப்போக்குன்னதும் ஞாபகம் வருது மாமா. எனக்கும் போன வாரம் பிச்சுக்கிட்டுப் போச்சு...

சண்முகம்: எப்ப நின்னுச்சு?

குமரேசன்: சனிக்கிழமை காலையில.

சண்முகம்: இன்னிக்குச் செவ்வாய். நின்னு 48 மணி நேரம் தாண்டியாச்சு, பிழைச்சே. இல்லேன்னா வாசலோட திருப்பியிருப்பேன். சளி, இருமல், காய்ச்சல் எது இருந்தாலும் வரக்கூடாது. போன் போட்டு விசாரிச்சா அதுவும் பாசம்தான்.

குமரேசன்: பூவை எங்க மாமா வைக்க?

சண்முகம்: வைக்கலாமான்னு முதல்ல சிஸ்டரைக் கேளு. பல வார்டுல கூடாது, ஐ.சி.யு.வுல கூடவே கூடாது. ஜாடித் தண்ணியில கிருமி வளரும்.

குமரேசன்: அப்ப தண்ணி ஊத்தாம வெச்சுடறேன்.

சண்முகம்: நோயாளி கண்ணு முன்னாடி ஒண்ணு வாடி வதங்கிச் சாகட்டும்னா? (சிரிப்பு வந்துவிடுகிறது, தலையணையை வயிற்றோடு அமுக்குகிறார்) அம்மாடி...

குமரேசன்: என்ன மாமா, தலையணையைக் கட்டிப் புடிச்சுக்கறீங்க?

சண்முகம்: சிரிச்சாலும் இருமினாலும் தையல் இழுக்கும். இப்படி அமுக்கிப் பிடிச்சா இழுவை குறையும். அதுக்காக இருமாம இருக்கவும் கூடாது. வலிக்குதேன்னு அடக்கினா சளி நெஞ்சுல தேங்கி நிமோனியாவுல விடும். பார்த்துக்கோ, அடுத்த வாரம் உனக்கும் இதுதான்.

குமரேசன்: அதுக்காகவும்தான் மாமா வந்தேன். அடுத்த வியாழக்கிழமை ஹெர்னியா ஆபரேஷன். காலையில 9 மணிக்கு. (கட்டிலில் உட்காரப் போகிறார்)

சண்முகம்: கட்டில்ல உக்காராதே! நாற்காலி இருக்கு.

(குமரேசன் துள்ளி விலகி, சாப்பாட்டு மேஜையைப் பிடித்துச் சாய்கிறார். மேஜை உருண்டு போகிறது. அவரும் கூடவே போகிறார்.)

சண்முகம்: அதுக்குச் சக்கரம் இருக்கு. உன்னை மாதிரிதான் நோயாளியும் அதைப் பிடிச்சு எழப் பார்த்து விழுவான். எழுந்திரிக்கணும்னா, முதல்ல ஒருக்களிச்சுப் புரண்டு, காலைத் தொங்கப் போட்டு, கையை ஊனி உக்காரணும். அப்படியே ரெண்டு நிமிஷம். தலை சுத்தலேன்னாத்தான் நிக்கணும். முதல் தடவை பெல் அடிச்சு, சிஸ்டர் வந்த பிறகுதான் எதுவும். கூச்சப்பட்டுத் தனியாப் போய் இடுப்பை உடைச்சுக்கிட்டா, அப்புறம் எலும்பு டாக்டர்கிட்டயும் கூச்சப்படணும்.

(கண்ணை மூடி மூச்சு வாங்குகிறார். குமரேசன் பக்கத்திலிருந்த ஜக்கிலிருந்து ரெண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மடமடவென்று குடிக்கிறார்.)

குமரேசன்: அடடா, உங்க பை கீழ தொங்கிக்கிட்டுக் கிடக்கே, யாரும் பார்க்கிறதில்லையா? (யூரின் பேக்கைத் தூக்குகிறார்)

சண்முகம்: (கண் திறந்து) இறக்கு! இறக்குடா! அது எப்பவும் மூத்திரப்பையைவிடக் கீழதான் இருக்கணும். மேல தூக்கினா வெளியே வந்தது திரும்பி உள்ள போகும், கிருமியையும் கூட்டிக்கிட்டு. தரையிலயும் படக்கூடாது. கட்டில் சட்டத்துல கொக்கி இருக்கு, அங்கயே மாட்டு.

குமரேசன்: டியூப் உங்க காலுக்கு அடியில மடங்கிக் கிடக்கு மாமா.

சண்முகம்: ஓ, அதான் அடிவயிறு முட்டுச்சா! (காலைத் தூக்குகிறார்) வந்ததுக்கு ஒரு உருப்படியான வேலை பண்ணினே. டியூப் மடங்கினா மூத்திரம் இறங்காது, உள்ளேயே தேங்கும்.

குமரேசன்: (உற்சாகமாகி) டிரிப்ஸையும் பார்த்துடறேன். என்ன மாமா இது, சொட்டு... சொட்டுன்னு? இந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் மேல தள்ளினா...

சண்முகம்: தொடாதே! அது கணக்குப் போட்டு வெச்சது. பாட்டில் 500 மில்லி, 6 மணி நேரத்துல ஏறணும். இந்த டியூப்ல 20 சொட்டு ஒரு மில்லி, டியூப் வந்த கவர்லயே அச்சடிச்சிருக்கும். மொத்தம் 10,000 சொட்டு. 6 மணி நேரம் 360 நிமிஷம். வகு.

குமரேசன்: (விரல் விட்டு எண்ணி, விரல் தீர்ந்துபோய்) நீங்களே சொல்லுங்க.

சண்முகம்: நிமிஷத்துக்கு 28 சொட்டு.

குமரேசன்: நான் 56 ஆக்கிட்டா 3 மணி நேரத்துல முடிஞ்சுரும். நீங்களும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

சண்முகம்: பாட்டிலைக் காலி பண்ணினவனை வீட்டுக்கு விட இது என்ன பந்தயமா? வேகமா ஏத்தினா, இதயம் பலவீனமானவனுக்கு நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு முட்டும். உனக்கு ஏதாவது செஞ்சே ஆகணும்னா ஊசி குத்தின இடத்தைப் பாரு. வீங்குதா, சிவக்குதா, எரியுதான்னு கேளு. நரம்பை விட்டு ஊசி விலகினா மருந்து சதையில இறங்கும். அப்ப சிஸ்டரைக் கூப்பிடு.

குமரேசன்: பாட்டில் காலியானா காத்து உள்ள போய் ஆளைக் கொன்னுடும்னு சொல்றாங்களே.

சண்முகம்: டியூப்ல ஒட்டியிருக்கிற கடுகளவு குமிழியால ஒண்ணும் ஆகாது. பாட்டில் காலியானா நடக்கிறது வேற. சொட்டு நிக்கும், ரத்தம் பின்னால ஏறி உறையும், ஊசி அடைச்சுக்கும். அப்புறம் எனக்கு இன்னொரு குத்து. அதனால கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே பெல்லை அமுக்கணும்... அது என்ன சத்தம்?

(கீச். கீச். கீச்.)

குமரேசன்: என் போன் இல்ல மாமா. அது இப்பத்தான் சார்ஜ் ஏறுது. ஒரே ஒரு பிளக்தான் இருந்துச்சு, அதுலயும் ஏதோ ஒண்ணு மாட்டியிருந்துச்சு. கழட்டிட்டு...

சண்முகம்: அந்த ஏதோ ஒண்ணுலதான்டா எனக்கு வலி மருந்து ஏறுது!

குமரேசன்: லைட் எரியுதே மாமா!

சண்முகம்: உள்ள பேட்டரி இருக்கு. அது தீர்ற வரைக்கும் ஓடும், தீர்ந்தா நின்னுடும். அதான் கத்துது. முதல்ல மாட்டு! (சத்தம் நிற்கிறது) மாட்டினதோட விடாதே, வெளியே போகும்போது சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டுப் போ. அவங்க வந்து ஒரு தடவை பார்க்கட்டும். கட்டில் தலைமாட்டுல எந்த பிளக்கா இருந்தாலும் கேக்காமத் தொடக்கூடாது. பவர் பேங்க் கொண்டுவா. 

குமரேசன்: சரி மாமா, இனிமே எதையும் தொடல. என் விஷயத்தைப் பேசுவோம்.

சண்முகம்: பேசு. என்ன மாத்திரை சாப்பிடறே?

குமரேசன்: காலையில ஒண்ணு. வெள்ளையா உருண்டையா இருக்கும்.

சண்முகம்: ராத்திரி?

குமரேசன்: அதுவும் வெள்ளைதான். உருண்டை கொஞ்சம் கம்மி.

சண்முகம்: (தலையணையை அமுக்கி) படுபாவி, சிரிக்க வைக்காதே. மருந்துக் கடையில பாதி அந்த அடையாளத்துலதான் இருக்கு.

குமரேசன்: அட்டையே பையில இருக்கு மாமா. இதோ.

சண்முகம்: இதுல பேர் எங்க?

குமரேசன்: கத்தரிச்சு வாங்கினேன். "மின்"னு மட்டும் மிச்சம் இருக்கு.

சண்முகம்: "மின்"னுல முடியிற மாத்திரை எத்தனை இருக்கு தெரியுமா? சர்க்கரைக்கும் உண்டு, சத்து மாத்திரையிலும் உண்டு. முழு அட்டையைக் கொண்டுபோ. ஒரு தாள்ல பேர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எதுக்குன்னு எழுது. மூலிகைப் பொடி, கண்ணுக்கு விடற சொட்டு மருந்து, எப்பவாவது போடற வலி மாத்திரை எல்லாம் அதுல வரணும். ஒத்துக்காத மருந்து இருந்தா, போட்டப்ப என்ன ஆச்சுன்னும் எழுது. வயித்தைப் புரட்டுறது வேற, உடம்பெல்லாம் தடிச்சு மூச்சுத் திணறுறது வேற.

குமரேசன்: ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு சாப்பிடறேன். அதை நாளையிலேருந்து நானே நிறுத்திடலாம்னு இருக்கேன்.

சண்முகம்: நீயே நிறுத்தினா நீயே ஆபரேஷனும் பண்ணிக்கோ. இன்னிக்கே டாக்டரைக் கேளு. சிலதை 5, 7 நாள் முன்னாடி நிறுத்தச் சொல்வாங்க. சிலதை நிறுத்தவே விட மாட்டாங்க. இதய ரத்தக்குழாய் அடைபடாம இருக்க ஸ்டென்ட்னு ஒரு குட்டி வலைக்குழாய் வெச்சவன் அவன் இஷ்டத்துக்கு நிறுத்தினா ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சு மாரடைப்பு வரலாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், பிரஷர் மாத்திரையை அன்னிக்குக் காலையில போடணுமா வேண்டாமான்னும் சேர்த்தே கேளு. பட்டினி வயித்துல சர்க்கரை மருந்து போனா சர்க்கரை கீழ இறங்கிடும்.

குமரேசன்: பட்டினின்னா... முழுப் பட்டினியா மாமா?

சண்முகம்: 9 மணிக்கு ஆபரேஷன்னா, கெட்டியான சாப்பாடு 6 மணி நேரம் முன்னாடியே நிக்கணும். எண்ணெயில பொரிச்சதுன்னா 8 மணி நேரம். வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும். பொதுக் கணக்கு இது. உன் மயக்க டாக்டர் வேற நேரம் சொன்னா அதுதான் உனக்கு.

குமரேசன்: அப்ப 7 மணிக்கு ஒரு காபி குடிக்கலாம்.

சண்முகம்: பால் விட்டதா?

குமரேசன்: பின்ன?

சண்முகம்: பால் சேர்ந்தா அது தண்ணிக் கணக்கு இல்ல, சாப்பாட்டுக் கணக்கு. வயித்துல போய்த் திரிஞ்சு கட்டியாயிரும். 6 மணி நேரம்.

குமரேசன்: அரை டம்ளர்னா 3 மணி நேரமா?

சண்முகம்: இது வட்டிக் கணக்கு இல்லடா! மயக்கம் குடுத்துட்டா தொண்டை காவல்காரன் தூங்கின வாசல். வயித்துல இருக்கிறது அமிலத்தோட மேல ஏறி நுரையீரல்ல இறங்கும். தப்பித் தவறிக் குடிச்சுட்டா வாயைத் திறந்து சொல்லிடு. தள்ளி வைப்பாங்க, நாலு திட்டு விழும், அவ்வளவுதான். ஆமா, ஹெர்னியா எந்தப் பக்கம்?

குமரேசன்: (எதிரே நின்று காட்டி) இந்தப் பக்கம். உங்களுக்கு இடது, எனக்கு வலது. இருங்க... திரும்பி நின்னுச் சொல்றேன்.

சண்முகம்: இதுக்குத்தான் நீ முழிச்சிருக்கும்போதே உன்னைக் கேட்டுப் பேனாவால தோல்ல அடையாளம் போடறாங்க. அதைத் தேய்ச்சுக் கழுவிடாதே. "குமரேசன்தானே?"ன்னு யாராவது கேட்டாலும் சும்மா தலையாட்டாதே. பேரையும் பிறந்த தேதியையும் நீயே வாய்விட்டுச் சொல்லு. பயத்துல இருக்கிறவன் எந்தப் பேருக்கும் தலையாட்டுவான். கையில கட்டுற பட்டையைக் கழட்டாதே, மருந்தும் ரத்தமும் அதைப் பார்த்துத்தான் ஏறும்.

குமரேசன்: அவங்களுக்கு வேலை மிச்சம்னு முடியை நானே சவரம் பண்ணிட்டுப் போகட்டுமா?

சண்முகம்: உன் உதவி மனப்பான்மைதான்டா எனக்குப் பயமே. பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், கிருமி அதுல குடியேறும். தேவைன்னா அவங்களே மெஷின்ல கத்தரிப்பாங்க. நீ பண்ண வேண்டியது குளியல். அப்புறம் அந்த மோதிரம்.

குமரேசன்: இது 20 வருஷமாக் கழண்டதே இல்லையே.

சண்முகம்: சோப்பு போட்டு இன்னிக்கே ஆரம்பி. ரத்தம் கசியிற இடத்தைக் கரண்டாலதான் சுட்டு அடைப்பாங்க. உலோகம் இருந்தா அந்த இடத்துல தோல் சுடலாம். கை வீங்கிட்டா மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்கணும். வரவே இல்லேன்னா முன்னாடியே சொல்லிடு. பல்செட் இருக்கா? டிஷ்யூவுல சுத்திச் சாப்பாட்டுத் தட்டுல வெச்சா தட்டோட குப்பைக்குப் போயிரும். பேர் எழுதின டப்பாவுல வை.

குமரேசன்: என் பல்லெல்லாம் சொந்தப் பல்லு மாமா. முன்பல் ஒண்ணு மட்டும் இப்படி இப்படி ஆடும். (ஆட்டிக் காட்டுகிறார்)

சண்முகம்: இதைத்தான்டா முதல்ல சொல்லணும்! தொண்டையில டியூப் விடும்போது அது பெயர்ந்து மூச்சுக்குழாய்ல விழுந்தா ஹெர்னியா டாக்டர் பல்லைத் தேடணும். மயக்க டாக்டர் வாயைத் திறன்னு சொல்றதுக்கு முன்னாடியே திறந்து காட்டு.

குமரேசன்: சரி மாமா. நாளைக்கு வீட்ல எல்லாரும் வர்றோம். டாக்டர் வந்தா ஆளுக்கொரு கேள்வி கேட்டுடறோம்.

சண்முகம்: கட்டில் பக்கத்துல ரெண்டு பேருக்கு மேல வேண்டாம். டாக்டர்கிட்டப் பேச உங்க அக்கா ஒருத்தி போதும். கேள்வியைத் தாள்ல எழுதிக் குடுங்க, அவ மத்தவங்களுக்குச் சொல்லுவா. ஆறு பேர் கேட்டா ஆறு மாதிரி புரிஞ்சுக்கிட்டு என் தலைமாட்டுலயே சண்டை போடுவீங்க. கிளம்பு, இருபது நிமிஷம் தாண்டிருச்சு. போறப்ப அந்த ஜக்கை இங்க நகர்த்திட்டுப் போ, 4 மணிக்கு சிஸ்டர் அளக்க வருவாங்க.

குமரேசன்: ஜக்கையா? எதுக்கு?

சண்முகம்: நான் எவ்வளவு குடிச்சேன்னு பார்க்க. உள்ள போனது ஒரு பக்கம், பையில இறங்கினது ஒரு பக்கம்னு எழுதுவாங்க. கிட்னி சரியா வேலை செய்யுதா, டிரிப்ஸைக் கூட்டணுமா குறைக்கணுமான்னு அதை வெச்சும்தான் பார்க்கிறாங்க. (எட்டிப் பார்த்து) ஒரு லிட்டர் இருந்துச்சே... மாப்ளே?

குமரேசன்: ரெண்டே டம்ளர்தான் மாமா.

சண்முகம்: ஒரு டம்ளர் 250. அரை லிட்டர்! நான் அரை லிட்டர் குடிச்சேன், அது வெளியே வரலேன்னுதானே கணக்கு நிக்கும்! ராத்திரி முழுக்க என்னைத்தானே உருட்டிப் பார்ப்பாங்க!

குமரேசன்: நானே சிஸ்டர்கிட்டச் சொல்லிடறேன் மாமா. (கதவு வரை போய், நெளிந்து திரும்பி வருகிறார்) மாமா... இங்க பாத்ரூம் எங்க?

சண்முகம்: இங்க உள்ளது நோயாளிக்கு, அதுல போகாதே. வராந்தாவுல பார்க்க வர்றவங்களுக்குன்னு தனியா இருக்கு. மாப்ளே!

குமரேசன்: என்ன மாமா?

சண்முகம்: அளந்துட்டு வா.