எல்லாத்தையும் லோல போட்டா எஃப்பிஎஸ் டபுளாகுமா? இல்லண்ணே

அண்ணே, எந்த பிசியா இருந்தாலும் கேம்ல எல்லா செட்டிங்கையும் லோல போட்டா எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு வர்ற ஃபிரேம், அதாவது படம், எத்தனைங்கிற கணக்கு) டபுளாயிடும்னு மேல போஸ்ட்ல சொல்லியிருக்கீங்க, அது தப்புண்ணே, இதை நம்பி மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் ஊரு பிள்ளைங்க நல்ல கேமை கூழு மாதிரி ஆக்கி விளையாடுதுங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. ஒரு ஃபிரேம் வரணும்னா சிபியூவும் (மெயின் ப்ராசசர்) ஜிபியூவும் (கிராஃபிக்ஸ் சிப்) ரெண்டும் வேலை செய்யணும், எது லேட்டோ அதோட ஸ்பீடுதான் கிடைக்கும். 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் டைம், சிபியூவுக்கே 20 ஆகுதுன்னா ரெசல்யூஷனை எவ்வளவு இறக்குனாலும் 50ஐ தாண்டாது. விசிங்க் (ஃபிரேமை ஸ்கிரீன் வேகத்தோட கட்டிப்போடற செட்டிங்), ஃபிரேம் லிமிட் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு ஜிபியூ யூசேஜ் பாருங்க, 95 சதவீதத்துக்கு மேலயே நின்னா கிராஃபிக்ஸ் குறைக்கிறதுல பலன் இருக்கு, 60 70லயே நின்னா பெரும்பாலும் சிபியூதான் திணறுது, அப்ப என்பிசி (கேமே ஓட்டுற ஆளுங்க) கூட்டம், வியூ டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியுதுங்கிறது) இதையெல்லாம் குறைக்கணும்.

டெக்ஸ்ச்சர்ல (பொருளுங்க மேல தெரியற படம்) சும்மா கை வைக்காதீங்க. விரேம் (கிராஃபிக்ஸ் கார்டோட மெமரி) போதுற வரைக்கும் ஹைல வச்சாலும் எஃப்பிஎஸ் பெருசா விழாது, விரேம் நிரம்புனாதான் திக்கித் திக்கி ஓடும். உண்மையில இழுக்கறது ரே டிரேசிங் (வெளிச்சத்தை நிஜம் மாதிரி கணக்கு போடறது), ஷேடோ (நிழல்), வால்யூமெட்ரிக் ஃபாக் (பனிமூட்டம்), இதுங்கள முதல்ல இறக்குங்க.

இன்னொன்னு, எஸ்டேட் லயத்து வீட்டுல மத்தியானம் தகரக் கூரைக்கு கீழ லேப்டாப் சூடேறிச்சுன்னா அதுவே ஸ்பீடை குறைச்சிக்கும், 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீனா (செகண்டுக்கு 60 தடவைதான் படம் மாத்தும்) இருந்தா எஃப்பிஎஸ்ஸை 60ல லிமிட் பண்ணிடுங்க, சூடும் குறையும்.