படுவான்கரை ஓட்டத்துக்கு எந்த டயர்?

ஜீப் என்றால் மட் டெரெய்ன் டயர்தான் (சேற்றில் ஓட்டவென்று பெரிய கட்டைகளோடு வருவது), அதுவும் ஓர் அளவு பெரிதாகப் போடுங்கள் என்கிறது ஜீப் டயர் பற்றிய ஒரு கட்டுரை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஓடுபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்மில் பலருடைய ஓட்டத்தில் பெரும்பகுதி கார்பெட் வீதி, அதாவது வழுவழுப்பான தார் வீதி. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை தாண்டி உள்ளே இறங்கினால்தான் கிரவல். மாரி மழையில் நனைந்த கார்பெட்டில் சடாரென்று பிரேக் அடிக்கும்போது, பெரிய கட்டைகளுள்ள மட் டயரை விட, எல்லா வகை வீதிக்குமான ஓல் டெரெய்ன் டயர்தான் நன்றாகப் பிடிக்கும். சத்தமும் குறைவு. வயல் களி ஓல் டெரெய்ன் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும் என்பது உண்மை. தினமும் வயலுக்குள் இறங்குபவருக்கு மட் டயர் சரி.

அளவு விஷயம் இன்னும் முக்கியம். 265/70 ஆர் 16 (அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம்) இருந்த இடத்தில் 265/75 போட்டால் டயரின் விட்டம் சுமார் 26 மில்லிமீற்றர் கூடும், ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தை விட 3 சதவீதமளவு குறைத்துக் காட்டும். சில வண்டிகளில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் உரசும். நெல் மூட்டை ஏற்றும் டபிள் கெப்காரர்கள் டயரில் அளவுக்குப் பின்னால் வரும் சுமைக் குறியீட்டு எண்ணையும் பாருங்கள்: 112 என்றால் ஒரு டயர் தாங்குவது 1120 கிலோ.

அப்புறம், டயரின் பக்கச் சுவரில் உள்ள டிஓடி எண்ணின் (தயாரிப்பு அடையாள எண்) கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. விலைக் கழிவு தருகிறார்கள் என்று பல வருடம் கடையில் கிடந்த டயரை, தயவுசெய்து, வாங்காதீர்கள். சில டயர்களின் பக்கச் சுவரில் மலையும் பனிப்பூவும் போட்டிருக்கும் குறி பனி கொட்டும் நாடுகளுக்கானது. அதற்காக இங்கே கூடுதல் காசு கொடுக்கத் தேவையே இல்லை.