பாம்பெய் உருவங்கள் கல்லான உடல்களா?

இத்தாலியில் எரிமலை வெடிப்பில் புதைந்த பண்டைய ரோமானிய நகரம் பாம்பெய். அதைப் பற்றிய கண்காட்சிப் படங்களின் கீழே, ‘எரிமலைக் குழம்பு பட்டு அப்படியே கல்லாகிப்போன மனித உடல்கள் இவை’ என்ற வரியைப் பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அவை பிளாஸ்டர் வார்ப்புகள்.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இவர்களை மூடியது சுடுசாம்பல், குழம்பு அல்ல. சாம்பல் இறுகியது, உள்ளே உடல் மக்கியது. எலும்புகளும் உடலின் வடிவில் ஒரு பொந்தும் மட்டும் மிஞ்சின. 1863-இல் அகழாய்வுப் பொறுப்பில் இருந்த ஜுசெப்பே ஃபியோரெல்லி அந்தப் பொந்துகளில் பிளாஸ்டர் கரைசலை ஊற்றச் செய்தார். அது இறுகியபின் சுற்றியிருந்த சாம்பலை அகற்றினார்கள். மெழுகு உருகி ஓடிய அச்சில் சிலை வார்ப்பது மாதிரிதான். உள்ளே உண்மையான எலும்புகள் இருப்பதால், இதை வெறும் பொம்மை என்று தள்ளிவிடவும் முடியாது.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? பாம்பெய் வார்ப்புகளில் ஒரு நாயும் உண்டு; மல்லாந்து முறுக்கிக் கிடக்கும் அதன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கழுத்துப்பட்டைகூடப் பதிந்திருக்கும். சில மனித வார்ப்புகளில் பிளாஸ்டர் உதிர்ந்த இடத்தில் மண்டையோடும் பற்களும் வெளியே தெரியும். கண்காட்சிக்கு நேரில் போனால் பக்கத்தில் உள்ள விவரப் பலகையில் ‘காஸ்ட்’ என்றோ, இத்தாலிய மொழியில் ‘கால்கோ’ என்றோ இருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் வார்ப்பு என்றுதான் பொருள். பாம்பெய் தொல்லியல் பூங்காவின் இணையதளத்திலும் தேடலாம். ஊர் ஊராகப் போகும் கண்காட்சிகளில் சில சமயம் வார்ப்பின் நகலையே வைப்பதுண்டு, அதனால் அந்தப் பலகையைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.