வேகத்தைக் குறைப்பது மட்டும் போதாது, பாதையும் விலக வேண்டும்

கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் இறப்பது பற்றிய கட்டுரையில், கப்பல்களின் வேகத்தைப் பத்து நாட் (மணிக்குப் பத்துக் கடல் மைல்) அளவுக்குக் குறைத்தாலே அவை பிழைத்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். வட அட்லாண்டிக்கில் அந்த விதி பயன் தந்திருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால், இலங்கையின் தென்முனையில் சிக்கல் பாதையிலேயே இருக்கிறது. உலகின் மிக நெரிசலான கப்பல் தடங்களுள் ஒன்று தெய்வேந்திரமுனையை ஒட்டிச் செல்கிறது. கடலடித் தரை சட்டென்று ஆழத்தில் இறங்கும் அதே இடத்தில்தான் இரை மிகுந்திருப்பதால், நீலத் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் அங்கே காணப்படுகின்றன. கப்பல் நெருங்கும்போது அவை பக்கவாட்டில் விலகி ஓடுவதில்லை, மெதுவாகக் கீழே அமிழத்தான் முயல்கின்றன என்பது கலிஃபோர்னியக் கடற்பகுதி ஆய்வில் தெரியவந்தது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த சரக்குக் கப்பல் ஒன்றின் முகப்பில், இறந்த நீலத் திமிங்கிலம் ஒன்று வளைந்து கிடந்த படத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். கண்ணில் படாமல் கடலடியில் அமிழ்ந்துபோனவை எத்தனையோ!

தடத்தைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே நகர்த்தினால் மோதல் அபாயம் பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். மலாக்காவிலிருந்து சூயஸுக்கு நேரே போகும் கப்பலுக்கு இதனால் கூடுவது சில கடல் மைல்களே. கரையோர மீனவர்களின் சிறு படகுகளுக்கும் இது பாதுகாப்பு. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 2003-லேயே இப்படித் தடத்தை மாற்றினார்கள். 2022-இல் எம்.எஸ்.சி. என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பியது. ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணம் மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது என்பதால், கரையோர நாடான இலங்கையே, கப்பல் தடங்களுக்கு ஒப்புதல் தரும் ஐ.நா. அமைப்பான சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் இந்த மாற்றத்தை முறைப்படி முன்மொழிய வேண்டும்.