அந்த ரப்பரைக் கீழே வையுங்கள்

நேற்றிலிருந்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆளே இல்லை. பையன் வரைந்த முகத்தை வாத்தியார் ரப்பரால் அழித்துவிட்டு நாலே இழுப்பில் புதிதாக ஒரு முகம் போடுகிறார், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். ‘குரு என்றால் இவர்தான்’ என்று நம் நட்பு வட்டத்தில் பாதிப் பேர் பகிர்ந்தாயிற்று. சரி. அந்தப் பையனின் கையை யாராவது கவனித்தீர்களா? பென்சிலோடு மேசைக்கு அடியில் போய்விட்டது.

மாணவன் தாளில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது. இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

ஒரு டம்ளரை வைத்து வரையச் சொல்லிப் பாருங்கள். புதிதாக வரும் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் வாயை நீள்வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் போடுவார்கள். கண்ணில் கோளாறு இல்லை. டம்ளர் தட்டையாக நிற்கிறது என்று மூளைக்குத் தெரியும், கை அதைத்தான் வரைகிறது. நீங்கள் அழித்து அடியை வளைத்துவிட்டால் படம் சரியாகிவிடும், பிள்ளை அடுத்த வாரமும் நேர்கோடுதான் போடும். டம்ளரை அதன் கையிலேயே கொடுத்து, வாய் கண்ணுக்கு நேராக வரும்வரை தூக்கச் சொல்லுங்கள், வட்டம் ஒரு கோடாகிவிடும். மெல்ல இறக்கினால் கோடு திறந்து நீள்வட்டமாகும், இன்னும் இறக்கினால் இன்னும் அகலும். கண் மட்டத்திலிருந்து அடி இன்னும் கீழே இருப்பதால் அது வாயைவிடக் கூடுதலாக வளைய வேண்டும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடித்து ‘அட’ என்று சொல்லும். அந்த ‘அட’வுக்குக் கால் மணி நேரம் ஆகும். ரப்பருக்குப் பத்து நொடி. வீடியோவுக்கு எது தோது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதினோரு வயதில் நான் வரைந்த குதிரை ஒன்றுக்குப் பரிசு கிடைத்தது. பின்னங்கால் எனக்கு வரவேயில்லை. வாத்தியார் வாங்கி, காலை மட்டும் என்று ஆரம்பித்து, முதுகு, கழுத்து, கண் வரை போட்டுக் கொடுத்தார். அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும் ‘இவன் வரைந்தது’ என்பார், நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். வால் மட்டும் என்னுடையது. அவர் நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘வாயால் சொன்னால் புரியாது, வரைந்துதான் காட்ட வேண்டும்’ என்பீர்கள். காட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? பக்கத்தில் வேறு தாள் இல்லையா?

‘பெரிய ஓவியர்களே மாணவர் படத்தில் திருத்தியவர்கள்தானே?’ ஆமாம். அவர்களிடம் இருந்தவர்கள் தொழிலுக்கென்று வந்தவர்கள், பத்து வயதுப் பிள்ளைகள் இல்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

‘அப்படியானால் இன்னொருவர் படத்தைப் பார்த்து வரைவதும் தப்பா?’ இல்லவே இல்லை. வான்கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், 27 வயதில். அப்போது பிரெஞ்சு ஓவியர் சார்ல்ஸ் பார்க் தயாரித்த பயிற்சி அச்சுப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். 1890இல், சாவதற்குச் சில மாதங்கள் முன்பு, மறுபடியும் அதே படங்களைக் கேட்டு வாங்கினார். அந்த அச்சுப் படம் எழுந்து வந்து அவர் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கவில்லை. கோணலும் அவருடையது, திருத்தமும் அவருடையது.

ஒருவர் ‘வரையத் தெரியாதவன்தான் இப்படிப் பேசுவான்’ என்று எழுதியிருக்கிறார். மிக்க நன்றி ஐயா, மாலை வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் இந்த ஆத்திரம் வீடியோவால் மட்டும் வந்ததில்லை. போன மாதம் ஒரு குழந்தை என் வகுப்பிலிருந்து நின்றுவிட்டாள். ‘மற்ற வகுப்புப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு படம் முடித்துக் கொண்டுவருகிறார்கள், இவள் ஒரே டம்ளரையே வரைகிறாள்’ என்றார் அவள் அம்மா. நியாயமான வருத்தம்தான். நேற்று, அந்த வீடியோவுக்குச் சற்று முன்னால், புது வகுப்பில் அவள் வரைந்த பூ ஜாடியைப் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பியிருந்தார். வாய், அடி, நிழல் எல்லாம் கச்சிதம். கீழே அவள் பெயர்.

அவள் பென்சிலை அழுத்திப் பிடிப்பவள். எந்தத் தாளைத் திருப்பினாலும் பின்பக்கம் கோடுகள் புடைத்திருக்கும், விரலால் தடவினாலே இவள் படம் என்று தெரிந்துவிடும். போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரை மட்டும் அழுத்தி எழுதியிருந்தாள்.