வெள்ள முகாமுக்குக் கிளம்பும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு

வடகிழக்குப் பருவமழை வலுத்தாலே மருத்துவக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் "கேம்ப்புக்கு யார் வர்றீங்க?" என்று ஆரம்பித்துவிடும். தாராளமாகப் போங்கள். ஆனால் ஸ்டெத்தும் ஒரு பை நிறைய ஆன்டிபயாட்டிக்கும்தான் முகாமுக்குத் தேவை என்ற நினைப்பு தப்பு. அங்கே பெரும்பாலான வேலை தண்ணீர்த் தொட்டியிலும் நோட்டிலும்தான்.

எஸ்பிஎம் (சமூக மருத்துவத் துறை) போஸ்டிங் என்றால் ஓபி அடிக்கும் காலம் என்று பலருக்கும் எண்ணம். ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் சிஆர்ஆர்ஐ (கட்டாயப் பயிற்சி) ஆண்டில் 12 வாரம் அதற்கு ஒதுக்கியிருப்பது சும்மா இல்லை. குளோரின் போடத் தெரிகிறதா என்று பாருங்கள். 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிக்கு, 25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். பவுடரை அப்படியே தொட்டியில் தூவக் கூடாது. வாளியில் களி மாதிரி குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, 10 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேல்தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்து, குழாய் முனையில் பிடித்த தண்ணீரை குளோரோஸ்கோப்பில் (மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் கருவி) பாருங்கள். 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) இருக்க வேண்டும். ஓட்டி (குளோரின் இருந்தால் மஞ்சளாக்கும் ஆர்த்தோடோலிடின்) சொட்டு விட்டதும் 10 நொடிக்குள் நிறத்தைப் படித்துவிடுங்கள். குழுவில் போட போட்டோ எடுத்துவிட்டு நிதானமாகப் பார்த்தால், அமோனியாவோடு கலந்து வீரியம் குறைந்த கூட்டு குளோரினும் சேர்ந்து மஞ்சள் அதிகமாகத் தெரியும், தண்ணீர் சரியென்று ஏமாந்துவிடுவீர்கள். நிறமே வரவில்லையா? திறந்து கிடந்த மூட்டையில் வீரியம் போயிருக்கும், அல்லது கலங்கல் தண்ணீர் குளோரினைத் தின்றிருக்கும். அளவைக் கூட்டி மறுபடி பாருங்கள்.

அடுத்தது நோட்டு. வெள்ளத்தில் வீட்டை விட்டு வந்தவர்கள் பிரஷர், சுகர் மாத்திரையை எடுத்து வந்திருக்க மாட்டார்கள். என்ன மாத்திரை, கடைசியாக எப்போது போட்டார், டயாலிசிஸ் என்றால் அடுத்த தேதி எது, கர்ப்பிணி என்றால் எத்தனையாவது மாதம் என்று எழுதி, கிராம சுகாதார செவிலியர் கையில் கொடுங்கள். அவரிடம் ஏற்கெனவே பட்டியல் இருக்கும். தனிக்கடை போடாமல் அவரோடு சேர்ந்து போவதுதான் புத்திசாலித்தனம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பாட்டில் 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும், ஈரத்துணி சுற்றிய மண்பானை போதும். ஐஸ் கட்டி மேல் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

டாக்ஸிசைக்ளினை மிட்டாய் மாதிரி விநியோகிப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. எலிக்காய்ச்சல் தடுப்புக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், அதுவும் வெள்ளநீரில் இறங்கி வேலை செய்கிற பெரியவர்களுக்கு, டாக்டர் சொன்ன பிறகு. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டாம். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு. அதை ஒரே டம்ளரில் கரைத்துக் குடிக்கிறார்கள், பக்கத்தில் நின்று கரைத்துக் காட்டுங்கள்.

லீவு விஷயம்: சிஆர்ஆர்ஐ முழுவதற்கும் 15 நாள்தான். அதில் நாலைந்து நாளை நவம்பர், டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே நாட்களில் உங்கள் காய்ச்சல் வார்டும் நிரம்பும் என்பதால், டியூட்டியை யார் பார்ப்பது என்று யூனிட் சீஃபிடம் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். கடைசி டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால் அதையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.