எதிரிகள் இருவர் இருந்தவரை

"வெள்ளைக்காரன் கப்பலில் வந்தான், துப்பாக்கி வைத்திருந்தான், பூர்வகுடிகள் தோற்றார்கள்." அமெரிக்காவின் காலனி வரலாற்றை நம்மில் பலர் இந்த ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திய அரசியல் அத்தனையும் இந்த ஒரு வரியில் காணாமல் போய்விடுகிறது.

வட அமெரிக்காவின் வடகிழக்கைப் பாருங்கள். 1608-ல் பிரெஞ்சுக்காரர்கள் கியூபெக்கில் குடியேறினார்கள். 1624-ல் டச்சுக்காரர்கள் ஹட்சன் ஆற்றங்கரையில், இன்றைய ஆல்பனி இருக்கும் இடத்தில், கோட்டை கட்டினார்கள். இருவருக்கும் வேண்டியது பீவர் என்ற விலங்கின் தோல். ஐரோப்பாவில் பீவர் ரோமத் தொப்பிக்கு அப்படியொரு கிராக்கி. அந்த விலங்கைப் பிடித்துத் தோலைக் கொண்டுவந்து தருகிறவர்களோ பூர்வகுடிகள். இவனிடம் விலை படியாவிட்டால் அவனிடம் போய்விடுவார்கள். பிடி அவர்கள் கையில்தான் இருந்தது.

1609-ல் சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுத் தளபதி ஹூரான் என்ற பூர்வகுடி இனத்தாரோடு சேர்ந்து போய், அவர்களின் எதிரிகளான மொஹாக் இனத்தின் தலைவர்களைச் சுட்டுக் கொன்றார். மொஹாக்குகள் அதோடு ஒடுங்கிவிடவில்லை. டச்சுக்காரர்களிடம் தோலைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்கினார்கள். மொஹாக்குகளும் இடம்பெற்ற ஹோடனோசோனி என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பு 1649-ல் ஹூரான் ஊர்களையே அழித்தது. அவர்களை ஒன்றுமறியாத அப்பாவிகளாகக் காட்ட நான் வரவில்லை. கணக்குப் போட்டுக் காய் நகர்த்தத் தெரிந்தவர்கள் என்கிறேன்.

1664-ல் டச்சுக்காரர்களின் இடத்தை இங்கிலாந்து பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. 1701 கோடையில் மான்ட்ரியலில் கிட்டத்தட்ட 40 இனங்களைச் சேர்ந்த சுமார் 1,300 பேர் சமாதானம் பேசக் கூடினார்கள். அங்கே ஹூரான் தலைவர் கோண்டியரோங்க் கடும் காய்ச்சலில் நிற்கக்கூட முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெடுநேரம் சமாதானத்துக்காகப் பேசினார். அன்றிரவே இறந்துபோனார். பிரெஞ்சுக்காரர்கள் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பிரெஞ்சு, ஆங்கிலேயர் சண்டையில் நாங்கள் யார் பக்கமும் இல்லை என்று ஹோடனோசோனி கூட்டமைப்பு அந்தச் சபையில் வாக்குக் கொடுத்தது. அதே கோடையில் ஆல்பனியில் ஆங்கிலேயரோடும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. எந்த ராஜதந்திரப் பாடத்திலும் முதலில் வைக்கத் தகுந்த வேலை இது!

ஆகவே என் கருத்து இதுதான்: அந்த வட்டாரத்தில் பூர்வகுடிகளுக்கு ஐரோப்பியர்களின் போட்டியே கவசமாக இருந்தது. போட்டியாளர்களில் ஒருவர் விலகிய நாள்தான் பேரிழப்பின் தொடக்கம்.

அந்த நாள் 1763 பிப்ரவரி 10. பிரிட்டனோடு நடந்த ஏழாண்டுப் போரில் தோற்ற பிரான்ஸ், பாரிஸ் ஒப்பந்தத்தில் கனடாவை பிரிட்டனிடம் விட்டுக்கொடுத்தது. கரும்பு விளையும் குவாடலூப் தீவைத் திரும்பப் பெற்றது. (நம் புதுச்சேரி 1761-ல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, பிறகு பிரான்சுக்கே திரும்பியதும் இதே ஒப்பந்தத்தில்தான்.) கைமாறிய நிலத்தில் வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போட்டி ஒழிந்ததும் மரியாதையும் போயிற்று. நட்புக்கு அடையாளமாகக் காலங்காலமாகக் கொடுத்துவந்த பரிசுகளையும் வெடிமருந்தையும் பிரிட்டிஷ் தளபதி ஆம்ஹர்ஸ்ட் வெட்டினார். ஒட்டாவா இனத் தலைவர் போன்டியாக் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்டார். பல இனங்கள் கிளர்ந்தெழுந்தன. ஜூன் மாதம், பிரிட்டிஷாரின் பிட் கோட்டைக்குப் பேச வந்த டெலவேர் இனத் தூதர்களுக்கு, பெரியம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு போர்வைகளும் ஒரு கைக்குட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். கோட்டையில் இருந்த வணிகர் ஒருவர் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதியே வைத்திருக்கிறார். பேச வந்தவர்களுக்கு நோயைக் கொடுக்க முயன்ற இந்தச் செயலை எந்தப் போர் நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியாது.

அந்த எழுச்சிக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. அக்டோபரில் வந்த அரச பிரகடனம், அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறக்கூடாது என்று தடை போட்டது. ஆனால் குடியேறிகள் அதை மதிக்கவில்லை. 1783-ல் பிரிட்டன் அமெரிக்காவிடம் தோற்றபோது மிசிசிப்பி ஆறு வரைக்குமான நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த ஒப்பந்தத்தில் பூர்வகுடிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிரிட்டனுக்காகப் போரிட்ட மொஹாக்குகளைப் பற்றியும் இல்லை.